பீங்கான் உடைத்த கலியாணம்

பிங்ஸ்ரன் என்ற கிறிஸ்தவப் பெருநாளுக்கு முதல்நாள் காலை, கீழ்வீட்டு அம்மா ஏணியில் ஏறி எங்கள் பொது வாசலில் பச்சைக் கொப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பட்டையும் சின்னச் சின்ன இலைகளும் கொண்ட மரத்தின் கொப்புகள். பிர்க்கே என்று அதற்குப் பெயர். கடைக்குப் போக இறங்கி வந்த நான் அப்படியே படியில் நின்றுவிட்டேன்.

தெருவில் வேறு சில வீடுகளிலும் கட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் கதவின் இரண்டு பக்கமும் வாழை கட்டியிருந்தால் அது கலியாண வீடு. அறியாதவனும் அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்று, ஆருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் போவான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கலியாணம். வாழைக்கு எங்கே போவது என்று அக்காவும் அத்தானும் முதல்நாள்தான் கதைத்துக் கைவிட்டிருந்தார்கள்.

அது எண்பத்தேழாம் ஆண்டு. ஜேர்மனியில் ஹம் என்ற நகரத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டிய பழைய வீடொன்றின் மேல்மாடியில் நாங்கள் இருந்தோம். அக்கா என் பெரியம்மாவின் மகள், அத்தான் அவள் கணவர். கிழக்கு பேர்லின் வழியாக நான் வந்து சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. மாப்பிள்ளை எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அதே நகரத்தில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். இரண்டு வீட்டாரும் கடிதத்தில் பேசி முடித்த சம்பந்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அக்கா கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அத்தானோடு கதைத்துவிட்டுப் போவார். என்னிடம் கேட்பதெல்லாம் "சுகமா இருக்கிறீரோ?" என்பது மட்டும்தான்.

நாளைக் குறித்து அனுப்பியவர் அப்பா. வைகாசியின் கடைசி ஞாயிறு. "எது நடந்தாலும் நாளை மாற்ற வேண்டாம்" என்று அடியில் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் வடமராட்சியில் பெரிய சண்டை தொடங்கியது. எங்கள் ஊரின் பெயரை வானொலியில் சொன்னார்கள். கடிதம் நின்றது. கொழும்பிலிருந்த சித்தப்பாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்களா என்று தெரியாமலே நான் கூறைச்சீலைக்கு ஏற்ற சட்டை தைத்துக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டு அம்மா ஏணியிலிருந்து இறங்கி, ஏன் நிற்கிறாய் என்று கேட்டார். என் டொச் மொழி அப்போது அரைகுறை. "கலியாணத்துக்கு நாங்களும் மரம் கட்டுவம்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் மலர்ந்தது. கணவரைச் சுரங்கத்து நோய்க்குக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவர். கதைக்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். இந்தக் கொப்புக் கட்டும் வழக்கம் தேவாலயத்துக்கெல்லாம் முந்தியது, காட்டையும் மரத்தையும் கும்பிட்ட காலத்தில் வந்தது என்றார். அவர் பிறந்த ரைன் நதிப் பக்கத்தில் மே மாதம் பிறக்கும் இரவில், இளம் பொடியன்கள் தங்களுக்குப் பிடித்த பெண்ணின் வாசலில் முழுப் பிர்க்கே மரத்தையே கொண்டுவந்து நட்டுவிடுவார்களாம்.

"என்ரை மனுசன் கொண்டுவந்த மரம் எங்கட கூரையைவிட உயரம். அப்பா விடியக் கதவைத் திறக்க மரம் உள்ளுக்கு விழுந்திட்டுது" என்று அவர் சொன்னதை, பின்னால் அக்காவோடு வந்த அத்தான் எங்கள் பேச்சில் திருப்பிச் சொன்னார். பிறகு கீழ்வீட்டு அம்மா என்னைப் பார்த்து, உன்னுடைய ஆள் மரம் வைக்கவில்லையா என்று கேட்டார்.

அத்தானுக்குச் சிரிப்பு. அக்காவுக்கோ அந்தக் கேள்வி வேறு இடத்தில் போய்த் தைத்தது. அவளை வாட்டிக்கொண்டிருந்தது கன்னிக்கால். எங்கள் பக்கத்தில் தாலிக்குப் பொன்னுருக்கும் நாளில் முள்முருக்கங் கொப்பொன்றை முற்றத்தில் நட்டு, நவதானியம் இட்டு, பால் வார்ப்பார்கள். அது வேர்விட்டுத் தழைத்தால் குடும்பமும் தழைக்கும் என்று நம்பிக்கை. இங்கே பொன்னுருக்கு இல்லை. தாலியை மாமியார் ஏற்கெனவே ஊரில் செய்வித்து, வந்த ஒருவரின் கையில் கொடுத்துவிட்டிருந்தார். கன்னிக்காலாவது வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள்.

"முருக்குக்கு இஞ்சை எங்கை போறது? அந்த மனுசி கட்டுற கொப்பில ஒண்டைக் கேப்பம்" என்றாள்.

"அது வெட்டின கொப்பு அக்கா. ரெண்டு நாளில வாடிப்போயிடும்."

வாடிப்போகும் என்று சொன்னதும் எனக்குக் குரல் உடைந்தது.  கீழ்வீட்டு அம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தான் விளக்கியதும், வேர் வேண்டுமானால் வேரோடு எடுப்போம், அதற்கு இடம் தெரியும் என்றார்.

அடுத்த நாள் பிற்பகல் மூன்று பெண்களும் போனோம். நிலக்கரி எடுத்த கழிவைக் கொட்டிக் கொட்டி மலையாகியிருந்த ஒரு கறுப்பு மேடு. அதில் புல் வருவதே அபூர்வம், ஆனால் பிர்க்கே மட்டும் தானாக முளைத்திருந்தது. கறுத்த மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கன்றுகள். இடுப்பளவு உயரமான ஒன்றைக் கீழ்வீட்டு அம்மா சின்ன மண்வெட்டியால் கிண்டினார். அக்கா சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையாலேயே மண்ணை அள்ளினாள். நான் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெருநாளன்று உலாவ வந்த ஒரு கிழவரும் அவர் நாயும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று மாலையே வீட்டின் பின்புறம், உடுப்புக் காயப்போடும் கம்பிகளுக்குப் பக்கத்தில் அதை நட்டோம். தானியம் ஒன்பதும் கிடைக்கவில்லை. கிடைத்ததைப் போட்டோம். மாவிலைக்கு வேலியோரத்தில் நின்ற ஏதோ ஒரு தடித்த பச்சை இலை. அப்பாவும் அம்மாவும் நின்று செய்ய வேண்டியதை அக்காவும் அத்தானும் நின்று செய்தார்கள். பால் வார்க்கும்போது அக்கா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "சித்தி, நீங்கள் வாக்கிறதா நினைச்சுத்தான் வாக்கிறன்." சித்தி என்பது என் அம்மா. நான் உடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றேன். அந்தக் கன்று பிடித்துவிட்டது. நாங்கள் அந்த வீட்டைவிட்டுப் போகும்போது இரண்டாம் மாடி யன்னலை எட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கிழமை முழுவதும் எனக்கிருந்த ஏக்கத்தைச் சொல்வது கடினம். கலியாண வீட்டுக்கு ஒரு இரைச்சல் உண்டு. பொம்பிளைகள் பலகாரம் சுடும் சத்தம், அதை எடு இதை வை என்ற கூப்பாடு, பிள்ளைகள் ஓடுவது, ஒலிபெருக்கி கட்டுபவன் மரத்தில் நின்று கத்துவது. சின்ன வயதில் அடுத்த வீட்டுக் கலியாணங்களில் அந்த இரைச்சலுக்குள் நித்திரை கொண்டிருக்கிறேன். இங்கே மத்தியானத்தில் ஓய்வு நேரம், அப்போது சத்தம் போடக்கூடாது. மாலையிலும் மெதுவாகத்தான். நாதஸ்வரக் கசெற் ஒன்று இருந்தது. அதை அத்தான் போட்டுப் பார்த்தபோது, பக்கத்துச் சுவரில் யாரும் தட்டிவிடுவார்களோ என்று சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் தவிலே கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை, தன் வேலையிடத்தில் இரவல் வாங்கிய பெரிய சட்டிகளைக் கொடுக்க மாப்பிள்ளை வந்திருந்தார். அக்கா பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் அறையில் இருந்துகொண்டு பூக்கடைப் பூக்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தேன். வெளியே இன்னும் நல்ல வெயில்.

கீழே வாசலில் ஏதோ உடைந்தது.

தவறி விழுந்த சத்தமல்ல. ஓங்கி அடித்த சத்தம். அடுத்தது. பிறகு பலது ஒன்றாக. பலர் கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள்.

எண்பத்துமூன்றில் நான் கொழும்பில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தேன். வெள்ளவத்தையில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தேன். ஆடியில் ஒரு பகல், தமிழரைத் தேடி வந்தவர்கள் வீட்டுக்குள் புகுந்து சாப்பிடும் பீங்கான்களை றோட்டில் எறிந்தார்கள். பின்மதிலால் ஏறிக் குதித்து ஒளிந்திருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, பீங்கான் உடைவது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை பீங்கான் அந்த வீட்டில் இருந்ததா என்று நினைத்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

பூக்கள் மடியிலிருந்து கொட்டியதும் நான் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டதும் எனக்கு நினைவில்லை. குளிர்ந்த தரையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்ததுதான் நினைவு. வெளியே அக்கா கத்தினாள்.

"கதவைத் திறவாதைங்கோ! ஐயோ, வாசலில சட்டிபானை உடைக்கிறாங்கள். சாவீட்டில உடைக்கிற மாதிரி உடைக்கிறாங்கள்!"

"நீர் பேசாமல் இரும். நான் போய்ப் பாத்துக்கொண்டு வாறன்" என்று அத்தான் படியிறங்கிப் போனார்.

குளியலறைக் கதவில் மெல்லத் தட்டினார்கள்.

"இஞ்சை பாரும், நான்தான். கதவு திறக்க வேண்டாம். நான் இதிலைதான் இருக்கிறன்."

மாப்பிள்ளை. கதவுக்கு மறுபக்கம் அவர் தரையில் உட்காரும் ஓசை கேட்டது.  நான் மூச்சு விட்டால் அவருக்குக் கேட்கும் தூரத்தில் இருந்தார்.

அத்தான் திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார். என்னைக் காணாமல், அக்காவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "சண்டையில்லையடியப்பா. இது அவையின்ரை வழக்கம். கலியாணத்துக்கு முதல்நாள் பொம்பிளை வீட்டு வாசலில பழைய பீங்கானெல்லாம் கொண்டுவந்து உடைப்பினமாம். அந்தச் சத்தத்துக்குக் கெட்டது எல்லாம் ஓடிப்போயிடுமாம். போல்ற்றர் ஆபென்ட் எண்டு சொல்லுறது. கீழ்வீட்டு மனுசிதான் தெருவுக்கே சொல்லியிருக்குது."

கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார். நான் கதவைத் திறந்தேன். அவருக்கு அத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போலிருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, நான் விளங்கும்படி சின்னச் சின்ன வசனமாகச் சொன்னார். சிறுமியாக இருக்கும்போது குண்டு விழுந்தது. நிலவறையில் இருந்தோம். போர் முடிந்து பல வருடம், கதவு அறைந்தாலும் மேசைக்குக் கீழே போய்விடுவேன். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள், பிள்ளை.

அவரும் அழுதார், நானும் அழுதேன். அக்கா வாசலில் நின்று, "பொம்பிளை முதல்நாளே இப்பிடி அழுதால் முகம் வீங்கிப்போம்" என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதாள்.

கீழே போனோம். அயலவர்கள் உடையாத தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வரிசையாக நின்றார்கள். வாசல் முழுவதும் வெள்ளைத் துண்டுகள். உடைந்ததை மாப்பிள்ளையும் பொம்பிளையும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டும், அதுதான் வழக்கம் என்று கீழ்வீட்டு அம்மா தும்புத்தடியை நீட்டினார்.

"பொழுதுபட்டாப்பிறகு வாசல் கூட்டக் கூடாது. லட்சுமி போயிடுவா" என்றாள் அக்கா.

"வானத்தைப் பாரும். இன்னும் வெயில் எறிக்குது. இஞ்சத்தை லட்சுமி இன்னும் முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறா" என்றார் அத்தான்.

நான் கூட்டினேன். மாப்பிள்ளை குனிந்து அள்ளினார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. குவித்து முடிக்கும் நேரம் பார்த்து ஒரு தடித்த மனிதர் வந்து குவியலைக் காலால் தட்டிக் கலைத்தார். அதுவும் வழக்கமாம். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்து, "இவன் விடமாட்டான் போல கிடக்குது" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. 

மிச்சத் தட்டுகளைத் திரும்பக் கொண்டுபோகவா என்று அயலவர்கள் கேட்டார்கள். நான் தலையாட்டுவதற்குள் அக்கா உள்ளே போய், காது உடைந்த கோப்பை ஒன்றை எடுத்து வந்தாள். அதை என் தலையைச் சுற்றி ஒருமுறை எடுத்தாள். "கண்ணூறு நாவூறு எல்லாம் கழியட்டும்!" என்று சொல்லி வாசற்படியில் ஓங்கி அடித்தாள். தெருவே கைதட்டியது. அதற்குப் பிறகு மிச்சத்தையும் உடைத்தார்கள். ஒவ்வொரு தட்டையும் உயர்த்தி எனக்குக் காட்டி, நான் ஓம் என்று தலையசைத்த பிறகே எறிந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிய மழை. அக்கா குசினியில் நிற்க, நானே சீப்பால் தலை இழுத்துப் பின்னிக் கொண்டை போட்டேன். கீழ்வீட்டு அம்மா தோட்டத்து வெள்ளைப் பூக்களைக் கொண்டுவந்து கொண்டையில் குத்தினார். யன்னலைக் காட்டி, பெண்ணின் தலையில் மழை விழுந்தால் அதிர்ஷ்டம் என்றார். சின்ன வயதில் நான் பச்சை அரிசி தின்னும்போதெல்லாம், உன் கலியாணத்துக்கு மழை பெய்யப் போகுது பார் என்று அம்மா அரிசிச் சுளகைப் பறிப்பார். அம்மாவுக்கு மழை கலியாணத்துக்குக் கெடுதல். இவருக்கு நல்லது. எது சரியென்று சொல்ல அம்மா பக்கத்தில் இல்லை.

ஐயர் இல்லை. தேவாரம் தெரிந்த ஒரு அண்ணை பாடினார். கசெற்றில் கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறியது. அந்த நேரத்தில் மட்டும் அத்தான் சத்தத்தைக் கடைசி வரை கூட்டிவிட்டார். யாரும் சுவரில் தட்டவில்லை. அயலவர்கள் முன்னறையிலும் படிகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், வாழ்த்தித் தூவக் கையில் கொடுத்த அறுகரிசியை எப்போது போடுவதென்று தெரியாமல் எல்லா நேரமும் போட்டார்கள். பெற்றோருக்கு விழுந்து கும்பிடும் இடம் வந்தபோது, அக்கா அம்மாவின் படத்தையும் அப்பாவின் படத்தையும் இரண்டு கதிரைகளில் வைத்தாள். நான் விழுந்து எழும்பவில்லை. மாப்பிள்ளைதான் தோளைத் தொட்டு எழுப்பினார்.

பிறகும் ஊரிலிருந்து செய்தி இல்லை. ஜூன் மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது, கீழ்வீட்டு அம்மா ஒரு பிடி காட்டுப்பூக்களோடு வந்தார். வருடத்தில் நீண்ட பகல் வரும் காலம் அது. அன்றைய இரவு ஏழு வகைப் பூக்களைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கும் பெண், தான் கட்டப் போகிறவனைக் கனவில் காண்பாளாம். பறித்து முடியும்வரை வாய் திறக்கக் கூடாதாம், அவர் திறக்கவில்லையாம்.

"நான்தான் கட்டிவிட்டேனே" என்றேன்.

"அப்படியென்றால் நீ காண விரும்பும் ஆளைக் காண்பாய்" என்றார். அது வழக்கத்தில் இருக்கிறதா, அவர் அந்த நேரத்தில் சேர்த்ததா என்று எனக்குத் தெரியாது.

வைத்துப் படுத்தேன். நசுங்கிய இலை மணம் விடியும்வரை வந்துகொண்டிருந்தது. அம்மா வரவில்லை. யாருமே வரவில்லை. காலையில் வாடிய பூக்களை எடுத்து யன்னலில் வைத்துவிட்டு அழாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் உம்மட அம்மாவைக் கண்டன்" என்றார் என் கணவர், கட்டிலிலிருந்தபடி.

திரும்பிப் பார்த்தேன். அம்மாவை அவர் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"என்ன செய்துகொண்டு இருந்தவ?"

கொஞ்சம் யோசித்தார். "கிணத்தடியில இருந்து சட்டி தேய்ச்சுக்கொண்டிருந்தா. சாம்பல் போதாது எண்டு ஆரையோ ஏசினா."

அம்மா அப்படித்தான் ஏசுவார். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் ஏசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். உண்மையில் கண்டாரா என்று நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் அந்தச் சாம்பலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில நாட்களில் சித்தப்பா கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுத்தார். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், கோயிலில் தங்கியிருந்து திரும்பிவிட்டார்கள், வீட்டின் ஒரு பக்கம்தான் போய்விட்டது. அக்கா ரெலிபோனை வைத்துவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் நிலத்திலேயே இருந்துவிட்டாள்.

மாரி தொடங்கும் நேரத்தில் அம்மாவிடமிருந்து ஒரு கசெற் வந்தது, யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து தபாலில் போட்டது. கணவரும் வேலையால் திரும்பி வரட்டும் என்று காத்திருக்க என்னால் ஏலவில்லை. தனியாகவே போட்டேன். முதலில் காகங்கள் கத்தின. பிறகு அம்மாவின் குரல், கொஞ்சம் வெட்கப்பட்டு.

"பிள்ளை, கேக்குதோ? ஆர் உனக்குத் தலை இழுத்தது?"

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ரேப் சுற்றிக்கொண்டே இருந்தது. பழுதாகிவிட்டதோ என்று கிட்டப் போனேன். காகம் ஒன்று மறுபடி கத்தியது. அப்போதுதான் விளங்கியது. நான் பதில் சொல்வதற்காக அம்மா இடம் விட்டிருக்கிறார், ரெலிபோனில் கதைப்பது போல.

"நானேதான் இழுத்தனான், அம்மா" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அடுத்ததைக் கேட்டுவிட்டார். "கூறை கனமா இருந்ததோ?" மறுபடி காத்திருந்தார். இந்த முறை நான் நேரத்துக்குச் சொன்னேன்.